இரண்டு மணி நேர வட்டம்

வடக்கு டகோட்டாவில், வருஷத்தில் பாதி நாள் பனியில் விறைத்துக் கிடக்கும் ஓர் ஊரில் பிறந்த வெண்டல் ட்வெட், செத்த பிறகு தன்னை உறைய வைத்துக்கொள்வதற்காக அரிசோனாப் பாலைவனத்துக்குக் குடிபெயர்ந்தார். இதிலுள்ள வேடிக்கை அவருக்குத் தெரியாமல் இல்லை; மற்றவர்கள் சிரிக்கும் முன் அவரே சிரித்துவிடுவார். சிரிக்காதவள் அவர் மனைவி மார்லிஸ் மட்டும்தான். வீட்டுச் சாமான்களை மூட்டை கட்டியவள் அவள்.

மேசா நகரின் ஓரத்தில், வயதானவர்களுக்கென்றே கட்டிய குடியிருப்பில் அவர்கள் வீடு. புல்லுக்குப் பதிலாகச் சரளைக்கல் பரப்பிய முற்றம், காய்க்க மறுக்கும் ஒரு எலுமிச்சை மரம். அங்கிருந்து காரில் கொஞ்ச தூரத்தில்தான் அந்த நிறுவனம் இருந்தது. இறந்தவர்களைத் திரவ நைட்ரஜன் நிரம்பிய எஃகுத் தொட்டிகளில் வைத்துக்கொண்டு, மருத்துவம் முற்றிய ஏதோ ஒரு நூற்றாண்டில் எழுப்பிவிடலாம் என்று காத்திருக்கும் இடம். அங்கே 'இறந்தவர்' என்ற பேச்சே கிடையாது. தொட்டிக்குள் இருப்பவர்களுக்கு 'நோயாளிகள்' என்று பெயர். எந்த ஆஸ்பத்திரியிலும் அவ்வளவு தொந்தரவு தராத நோயாளிகள் இருக்க முடியாது.

வெண்டல் டகோட்டாவில் டிராக்டர் பழுதுபார்த்தவர். அந்தப் பக்கத்துப் பண்ணைகளில், ஓடாத அறுவடை இயந்திரத்தை யாரும் பழைய இரும்புக்குப் போடமாட்டார்கள். மரவரிசையின் மறைவில் நிறுத்திவைப்பார்கள். என்றைக்காவது உதிரி பாகம் கிடைக்கும். அப்படி நின்ற எத்தனையோ இயந்திரங்களை வெண்டல் உயிர்ப்பித்திருக்கிறார். மனிதனை மட்டும் ஏன் அவசரமாகக் குழியில் தள்ள வேண்டும் என்பது அவர் கேள்வி.

"புதைச்சா திரும்பி வர்றதுக்கு வாய்ப்பு பூஜ்யம். எரிச்சாலும் பூஜ்யம். இதுல ஆயிரத்துல ஒண்ணுன்னு வச்சுக்க. பூஜ்யத்தை விடப் பெரிசா, இல்லையா?" என்பார்.

"பெரிசுதான்," என்பாள் மார்லிஸ்.

"வேலைக்கு ஆகலைன்னா என்ன ஆயிடும்? செத்துத்தானே இருப்பேன். எப்படியும் சாகப்போற ஆளு. இதுல எனக்கு என்ன நஷ்டம்?"

இதற்கு மார்லிஸிடம் ஒரு பதில் இருந்தது. ஆனால் கேள்வியிலேயே 'எனக்கு' என்று இருந்ததால் அவள் அதைச் சொன்னதில்லை.

தலையை மட்டும் பாதுகாப்பது என்று அவர் முடிவு செய்திருந்தார். "உடம்பு பழைய லாரி, மார். டிரைவரைக் காப்பாத்தினா போதும்."

"நான் கல்யாணம் பண்ணிக்கிட்டது லாரியையும் சேர்த்துத்தான்," என்றாள் அவள். அவர் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு நண்பர்களிடம் சொல்லித் திரிந்தார்.

காரியம் கைகூட இரண்டு நிபந்தனைகள். ஒன்று, மூச்சு நின்றதும் நிறுவனத்தின் ஆட்கள் சீக்கிரம் வந்து சேர வேண்டும். தாமதித்தால் மூளை கெட்டுவிடும். அதனால் வெண்டல் வந்த வாரமே ஒரு வரைபடத்தை விரித்து, கவராயத்தால் வட்டம் போட்டார். இரண்டு மணி நேரத்தில் ஆட்கள் வரக்கூடிய தூரம். அந்த வட்டத்தை விட்டு அவர் வெளியே போனதில்லை. அரிசோனாவில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தும் கிராண்ட் கேன்யனைப் பார்க்காதவர்கள் அவர்கள். முடிவில்லாத காலம் வேண்டும் என்று கேட்ட மனிதர், அதற்கு விலையாகப் பூமியில் ஒரு மாவட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுக்கொடுத்தார்.

இரண்டாவது நிபந்தனை மார்லிஸ். ஆள் தனியாக விழுந்து, அந்த வெயிலில் யாரும் பார்க்காமல் கிடந்தால் எல்லாம் போச்சு. போலீஸ் வரும், பிரேதப் பரிசோதனை என்று தலையைத் திறந்துவிடுவார்கள். ஆகவே அவர் தனியாக இருக்கக் கூடாது. விழுந்ததும் அவர் கை வளையத்தில் பொறித்த எண்ணுக்கு மார்லிஸ் போன் செய்ய வேண்டும். தலையைச் சுற்றி ஐஸ் அடுக்க வேண்டும். கார் கொட்டகையில் இதற்கென்றே பெரிய ஃப்ரீசர் ஒன்று, முழுக்க ஐஸ் மூட்டைகளோடு. அதில் ஒரு ஐஸ்கிரீம் டப்பா வைக்கக்கூட இடம் கிடையாது. ஒரு ஜூலையில் பக்கத்து வீட்டில் ஏ.சி. நின்றுபோய், அந்த அம்மாள் ஐஸ் கேட்டு வந்தாள். வெண்டல் நல்ல மனிதர், கொடுத்தார். கொடுத்துவிட்டு, மார்லிஸ் கடைக்குப் போய் ஈடு செய்யும்வரை நாற்காலியைவிட்டு அசையவில்லை. அசைந்தால் இதயத்துக்கு வேலை கூடுமாம்.

மார்லிஸின் இரவுகளும் அப்படியே அமைந்தன. மற்ற மனைவிமார்கள் புருஷன் குறட்டை விட்டால் விழிப்பார்கள். இவள் குறட்டை நின்றால் விழிப்பாள். பள்ளிப் பேருந்துகளை அனுப்பும் அலுவலகத்தில் காலமெல்லாம் ரேடியோவில் காது வைத்திருந்தவள். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் காது ஓயவில்லை.

ஒரு நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். டகோட்டாவில், அப்பா செத்த வருஷம், வெண்டல் சாவுக்குப் பயந்து குடித்துக்கொண்டிருந்தார். நிறுவனத்தில் சேர்ந்த பிறகு குடியை விட்டார், சிகரெட்டை விட்டார், குடியிருப்பில் எல்லோருடைய சைக்கிளையும் சும்மாவே சரிசெய்து கொடுத்தார். தொட்டி அவரை எதிர்காலத்தில் காப்பாற்றுமோ என்னவோ, நிகழ்காலத்தில் காப்பாற்றிவிட்டது. அவருடைய பயம் வீட்டை விட்டுப் போனபோது மார்லிஸின் தூக்கமும் கூடவே போனது. அவ்வளவுதான்.

ஒரு ஜனவரியில் மார்லிஸின் அக்கா ஆர்டிஸ் டகோட்டாவிலிருந்து போன் செய்தாள். பள்ளிச் சமையற்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், பிள்ளைகள் இல்லை.

"ஈரல்ல புத்து வந்திருக்காம். வசந்தம் வரைக்கும் தாங்கும்னு டாக்டர் சொல்றான். எந்த வசந்தம்னு நான் கேட்டுக்கலை."

"நான் வர்றேன்," என்றாள் மார்லிஸ்.

"நீ எங்கடி வருவ? ரெண்டு நாள் நீ இல்லாட்டி உன் புருஷன் கெட்டுப்போயிடுவானே. பால் மாதிரி."

"வர்றேன்னு சொன்னேன் ஆர்டிஸ்."

அன்று மத்தியானம் வெண்டல் சூப் குடித்துக்கொண்டிருந்தபோது விஷயத்தைச் சொன்னாள்.

"எவ்வளவு நாள்?" என்றார்.

"அவ இருக்கிற வரைக்கும்."

கரண்டி பாதியில் நின்றது. அவர் முகத்தில் கணக்கு ஓடுவது தெரிந்தது. கூடப் போனால் வட்டம் போச்சு. போகாவிட்டால் மார்லிஸ் போச்சு. இரண்டு நிபந்தனைகளும் ஒன்றுக்கொன்று எதிராக வந்து நிற்கும் என்று அவர் யோசித்ததே இல்லை.

"அங்க போய் நான் விழுந்தேன்னா, மார், கீறிப் பாத்துடுவானுங்க."

"குளிர்லதானே போட்டு வச்சிருப்பாங்க. உனக்குப் பிடிச்சதாச்சே."

"அந்தக் குளிர் வேற, இது வேற. மெதுவா உறைஞ்சா பனிக்கட்டி உள்ளயே குத்திக் கிழிச்சிடும். முதல்ல ரத்தத்தை எடுத்துட்டு..."

"தெரியும்," என்றாள். எத்தனையோ முறை கேட்டது. தட்டுகளை எடுத்துக்கொண்டு போனாள். கொஞ்ச நேரம் கழித்து அவர் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"ஆர்டிஸுக்கும் கேட்டுப் பாக்கட்டுமா? ஏதாவது வழி இருக்கும்."

அவர் மனப்பூர்வமாகத்தான் கேட்டார். தன்னிடம் இருப்பதிலேயே உயர்ந்ததைக் கொடுக்க முன்வந்தார். மார்லிஸ் போனில் கேட்டாள். ஆர்டிஸ் சிரித்து இருமி முடிக்க நேரம் ஆயிற்று. "எழுபத்தெட்டு குளிர்காலம் இங்க உறைஞ்சுதான் கிடந்திருக்கேன். ஒரு முன்னேற்றமும் தெரியலைன்னு சொல்லு."

நிறுவனத்தில் பதிந்து வைத்திருந்தவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. தனியாக வாழ்பவர்கள் காலையும் மாலையும் ஒருவருக்கொருவர் போன் செய்துகொள்வார்கள். எடுக்காவிட்டால் யாராவது போய்ப் பார்ப்பார்கள். அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த கேலார்ட் ப்ரூயிட், மார்லிஸ் கிளம்பும் நாளில் ஒரு பெட்டியும் மடக்குக் கட்டிலுமாக வந்து சேர்ந்தார். டெக்சாஸ்காரர், நில அளவை வேலை பார்த்தவர், கல்யாணம் ஆகாதவர். வெண்டலை விட மூத்தவர். இதயத் துடிப்பைச் சீராக்க நெஞ்சுக்குள் ஒரு கருவி வேறு.

"கவலையே படாதீங்க மேம். இவன் மூச்சு நின்னா நான் பாக்கறேன். என் மூச்சு நின்னா இவன் பாக்கறான்."

"ரெண்டும் ஒரே நேரத்துல நின்னா?"

கேலார்ட் தொப்பியைக் கழற்றி யோசித்தார். "அப்ப ஒண்ணாவே எந்திரிப்போம். முழிச்சதும் தெரிஞ்ச மூஞ்சி ஒண்ணு இருந்தா நல்லதுதானே."

ஆர்டிஸின் வீடு மைனாட் நகருக்குப் பக்கத்து ஊரில், தேவாலயத்துக்கு எதிர்வரிசையில் இருந்தது. ஜன்னல் உயரத்துக்குப் பனி. ஆர்டிஸ் முன்னறைக்குக் கட்டிலைக் கொண்டுவரச் சொல்லி, தெருவில் யார் கார் சறுக்குகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். உடம்பு பாதியாகியிருந்தது. நாக்கு முழுசாக இருந்தது.

"இருபது வருஷமா என்னடி பண்ணின அங்க?"

"அவரைப் பாத்துக்கிட்டேன்."

"சீக்காளியா?"

"இல்ல. நல்லாத்தான் இருக்கார்."

"நல்லா இருக்கிற ஆளை எதுக்குப் பாத்துக்கிட்ட?"

மார்லிஸ் தலையணையைச் சரிசெய்தாள். இது சொல்லி விளங்கவைக்கக்கூடியது இல்லை.

வேடிக்கை என்னவென்றால், வெண்டலைக் கிண்டல் செய்த அதே ஆர்டிஸ், விதைக் கம்பெனியின் படம் போட்ட விலைப்பட்டியலை மடியில் வைத்துக்கொண்டு தக்காளி விதைக்குச் சொல்லி அனுப்பினாள். போன வருஷம் போட்ட ரகம் தண்ணீராகப் போய்விட்டதாம், இந்தத் தடவை கெட்டியாகக் காய்க்கும் ரகம் வேண்டுமாம். விதைக்கும் காலத்தில் அவள் இருக்கப்போவதில்லை என்பது அவளுக்கும் தெரியும், மார்லிஸுக்கும் தெரியும். இருவரும் எந்த ரகம் நல்லது என்று அரைநாள் சண்டை போட்டார்கள். எதிர்காலத்தில் இடம் பிடித்து வைக்கும் ஆசை தன் புருஷனுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை என்று மார்லிஸ் அப்போது நினைத்துக்கொண்டாள்.

"உனக்கு ஆசை இல்லையா?" என்று ஒருநாள் ஆர்டிஸ் கேட்டாள். "அவன் ஒரு காலத்துல எழுந்து உக்காந்து, மார் எங்கன்னு தேடுவான். நீ இருக்க மாட்ட."

"தேடட்டும்."

"திரும்பி வரணும்னே தோணலையா?"

"எனக்குத் தூங்கணும் ஆர்டிஸ். நடுவுல யாரும் எழுப்பாம."

ஆர்டிஸ் அவளை நெடுநேரம் பார்த்தாள். பிறகு, "சாகப்போறது நானா நீயா?" என்றாள்.

மார்ச் தொடக்கத்தில் ஒரு காலை நேரத்தில், கஞ்சி ஆறிக்கொண்டிருந்தபோது, ஆர்டிஸின் மூச்சு நின்றது. மார்லிஸின் கை தானாகவே போனைத் தேடியது. கால்கள் எழுந்துவிட்டன. எழுந்து நின்ற பிறகுதான் இங்கே யாருக்கும் அவசரமாகச் சொல்ல வேண்டியதில்லை என்று புரிந்தது. வீட்டுக்கு வந்துபோகும் நர்ஸ் பிறகு வந்து பார்த்துவிட்டு, "அவசரமே இல்லைம்மா. எவ்வளவு நேரம் வேணுமோ உக்காந்திருங்க," என்றாள். இப்படி ஒரு வாக்கியத்தை மார்லிஸ் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. உட்கார்ந்தாள். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அது தன் வேகத்தில் குளிர்ந்தது.

புதைக்க முடியவில்லை. நிலம் ஆளுயரத்துக்கு உறைந்திருந்தது. தீ மூட்டி மண்ணை இளக்கித் தோண்டும் இயந்திரம் உண்டு. ஆனால், "என்னை வச்சு யாரும் மண்ணை வறுக்க வேண்டாம்," என்று ஆர்டிஸ் முன்பே சொல்லியிருந்தாள். அந்த ஊரில் குளிர்காலத்தில் இறந்தவர்களுக்காகக் கல்லறைத் தோட்டத்தின் மேட்டில் ஒரு கல் அறை இருக்கிறது. பெட்டிகளை அதில் அடுக்கிப் பூட்டிவிட்டு, மே மாதம் மண் இளகியதும் ஒவ்வொன்றாகப் புதைப்பார்கள். அந்த வருஷம் ஆர்டிஸுக்கு முன்னால் நான்கு பேர் உள்ளே காத்திருந்தார்கள். நான்கு பேரையும் மார்லிஸுக்குத் தெரியும். ஒருவரோடு ஆர்டிஸுக்குப் பேச்சுவார்த்தையே கிடையாது.

பூட்டிவிட்டுத் திரும்பும்போது மார்லிஸுக்குச் சிரிப்பு வந்தது. இங்கேயும் குளிரில் வைத்துக் காத்திருக்கத்தான் செய்கிறார்கள். என்ன, இவர்கள் எந்த மாதம் என்று சொல்லிவிடுகிறார்கள்.

வெண்டல் போன் செய்தார். ஆர்டிஸைப் பற்றிப் பேசும்போது அவர் குரல் உடைந்தது. பாசாங்கு இல்லை. பிறகு கேட்டார்: "எப்ப கிளம்பற?"

"மே மாசம். மண்ணு இளகினதும்."

"மே மாசமா? அதுக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கே, மார்."

"நீ இருநூறு வருஷம் காத்திருக்கத் தயாரா இருக்கிற ஆளாச்சே."

மறுமுனையில் கேலார்டின் குரல் தூரத்தில் ஏதோ கேட்டது. "ஒண்ணுமில்லடா, உக்காரு. எழுந்திருக்காத, நான் எடுத்துத் தர்றேன்," என்றார் வெண்டல் அந்தப் பக்கம் திரும்பி. பிறகு இவளிடம், "சரி. உன் அக்கா. நீ இருந்து செய்," என்றார்.

மே மாதம், புதைக்கும் நாளுக்கு முந்தின மாலை, டெக்சாஸ் தொப்பி தெரிய ஒரு நீளமான பழைய கார் ஆர்டிஸின் வீட்டு வாசலில் வந்து நின்றது. இரண்டு கிழவர்களும் கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். பின் இருக்கையில் பெரிய ஐஸ் பெட்டி ஒன்றுக்கு வார்ப்பட்டை போட்டுக் கட்டியிருந்தது. ஒருவருக்கு ஏதாவது ஆனால் மற்றவர் உடனே தலையைச் சுற்றி அடுக்குவதற்காக, வழியில் ஊர் ஊராக ஐஸ் மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள். வயோமிங் வந்தபோது, இவ்வளவு நல்ல ஐஸ் வீணாகிறதே என்று சோடா வாங்கி உள்ளே வைத்துவிட்டார்களாம்.

"வட்டம்?" என்று கேட்டாள் மார்லிஸ்.

"தாண்டினப்ப ஒண்ணும் தெரியலை," என்றார் வெண்டல். "வழியில கிராண்ட் கேன்யன் பாத்தோம்."

"எப்படி இருந்தது?"

"பெரிய பள்ளம். கேலார்ட் அழுதுட்டான்."

"கண்ணுல மண்ணு விழுந்துச்சு மேம்," என்றார் கேலார்ட்.

மறுநாள் ஆர்டிஸை இறக்கினார்கள். மேல்மண் கறுப்பாக, ஈரமாக இருந்தது. அடியில் இன்னும் பனிக்கட்டி மின்னியது. பாதிரியார் உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசியபோது வெண்டல் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். கொள்கையளவில் அவர்களுக்குள் பெரிய வேறுபாடு இல்லை, செய்முறையில்தான். பிறகு தேவாலயத்து நிலவறையில் பன்றித்தொடை வைத்த பன்னும் காப்பியும். ஊர்ப் பெண்கள் வெண்டலை, "அப்படின்னா தலை மட்டும்தானா?" என்று மரியாதையாக விசாரித்தார்கள். "தலை மட்டும்தான்," என்றார் அவர். "அப்ப இன்னொரு பன்னு சாப்பிடுங்க, உடம்பைப் பத்தி என்ன கவலை?" என்றாள் ஒருத்தி.

வீட்டுக்கு வந்ததும் கேலார்ட் சாய்வு நாற்காலியில் தூங்கிப்போனார். வெண்டல் எதிரில் முக்காலியில் உட்கார்ந்தார். மார்லிஸோடு பேசிக்கொண்டே, நடுநடுவே கேலார்டின் சட்டைப் பித்தான்கள் ஏறி இறங்குகின்றனவா என்று பார்த்தார். அதை அவர் தெரிந்து செய்யவில்லை. மார்லிஸுக்குத்தான் தெரிந்தது. அவர் கண்கள் சிவந்திருந்தன, மனிதர் இளைத்திருந்தார்.

"போன மாசம் குளியலறையில விழுந்துட்டான்," என்றார் தாழ்ந்த குரலில். "கதவை உடைச்சேன். ஒண்ணுமில்ல, மயக்கம். ஆனா அதுக்கப்புறம் எனக்குத் தூக்கமே சரியா இல்ல."

"ம்."

"இங்கேயே உன்கூட இருந்துடலாமான்னு தோணுது மார். நிஜமாத்தான் சொல்றேன். என்னவோ ஆகட்டும்."

இதைக் கேட்பதற்காக அவள் இருபது வருஷம் காத்திருந்திருக்கலாம். இப்போது கேட்டபோது, எப்போதோ சொல்லி அனுப்பித் தாமதமாக வாசலுக்கு வந்த பொருளைப் போல, எங்கே வைப்பது என்றுதான் யோசனை வந்தது.

"இருந்துடு," என்றாள்.

வெண்டல் தூங்குகிறவரைப் பார்த்தார். "இவன் தனியா அவ்வளவு தூரம் ஓட்டணும். அங்க போனாலும் யாரும் கிடையாது. காலையில போன் பண்ணுவானுங்க, எடுக்கலைன்னா சாயங்காலம் வந்து பாப்பானுங்க. அந்த வெயில்ல."

மார்லிஸ் அவர் கோப்பையில் காப்பி ஊற்றினாள்.

"நீ எப்ப வர்ற?"

"தெரியலை. வீட்டை ஒழிக்கணும். தக்காளி நடணும். கோடை முடியட்டும்."

"நியாயம்தான்." கொஞ்ச நேரம் காப்பிக் கோப்பையைக் கையில் சுழற்றிக்கொண்டிருந்தார். "இதெல்லாம் எப்படி மார் இத்தனை வருஷம்... பழகிடுமா?"

மார்லிஸ் யோசித்துப் பார்த்தாள். அவரிடம் பொய் சொல்லி அவளுக்கு வழக்கம் இல்லை.

"இல்ல," என்றாள்.

இரண்டு நாள் கழித்துக் கிளம்பினார்கள். மிஞ்சிய பன்களைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள். கேலார்ட் ஓட்டுநர் இருக்கையில் ஏறப்போனபோது, "நகரு, நான் ஓட்டறேன். நீ மாத்திரை போட்டியா?" என்றார் வெண்டல். "போட்டேன்." "எங்க, டப்பாவைக் காட்டு." கார் தெருமுனையில் திரும்பும்வரை இரண்டு தலைகளும் ஆடி ஆடி வாதம் செய்துகொண்டிருந்தன.

மார்லிஸ் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். சிங்கில் பாத்திரங்கள் கிடந்தன. அவற்றைப் பார்த்துவிட்டு முன்னறைக்குப் போய், ஆர்டிஸின் கட்டிலில், செருப்பை மட்டும் உதறிவிட்டுப் படுத்தாள். எழுந்தபோது ஜன்னலில் வெளிச்சம் இருந்தது. அது அந்த நாளின் வெளிச்சமா, அடுத்த நாளுடையதா என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள அவள் அவசரப்படவும் இல்லை.